முதியோர்க்கு அமுது படைக்கும் முறை

அன்னதானம் சிறந்த சிவபுண்ணியங்களுள் ஒன்றென்பதைச் சைவர் யாவரும் அறிவர். ஆயினும், அன்னத்தோடு அவமதிப்பையும் சேர்த்து இடுவோமாயின் அப்புண்ணியம் நமக்கு எங்ஙனம் எய்தும்? முதியோர் இல்லங்களிலே தொண்டு செய்வோரும், பிறந்தநாள், திவச நாள்களில் அங்குச் சென்று உணவளிக்கும் அன்பரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இளையான்குடிமாற நாயனார் மழையிரவிலே வந்த அடியாருக்கு முதலிற் செய்தது யாது? நனைந்த திருமேனியின் ஈரத்தைத் துடைத்து, இருக்கை தந்தமையேயாம். அதன் பின்னரே விதைத்த நெல்லை வாரிவந்து அமுதாக்கும் வழியைத் தேடினார். உபசாரம் முந்தியது, உணவு பிந்தியது என்க.

யான் ஓர் இல்லத்திலே கண்டதைக் கூறுவேன். பாரிசவாதத்தால் வலக்கை வழங்காத முதியவர் ஒருவர் அங்கிருந்தார். ஊழியர் ஒருவர் சோறு, கறி, சொதி, பாயசம் யாவற்றையும் ஒரே கோப்பையிற் குழைத்து, நின்றபடியே, வேறொருவரோடு பேசிக்கொண்டு ஊட்டினார். முதியவர் வாயை மூடிக்கொண்டார். "பசியில்லை" என்று எண்ணி அவ்வூழியர் கோப்பையை எடுத்துச் சென்றார். மறுநாள் ஒரு பெண்பிள்ளை அவரெதிரே அமர்ந்து, "ஐயா, எந்தக் கறி முதலில் வேண்டும்?" என வினாவினாள். இடக்கையால் உண்பதைப் பிறர் காண்பரென்று அவர் நாணுவதை உணர்ந்து, நாற்காலியைச் சற்றே திருப்பி வைத்தாள். அவர் தாமே கரண்டியை எடுத்து உண்டார். அவருக்கு இல்லாதிருந்தது பசியன்று, மதிப்பே.

ஆதலின், பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போமாக.

1. கை கழுவுதற்கு நீரும், விரும்புவோர்க்குத் திருநீறும் முன்னரே கொடுக்க.

2. மார்பிலே துணி கட்டுமுன் உத்தரவு கேட்க. குழந்தையை அழைப்பதுபோல் அழையாது, ஐயா, அம்மா என்று அழைக்க.

3. உண்பவர் நிமிர்ந்திருக்க, ஊட்டுபவர் எதிரே கண்ணுக்கு நேராக அமர்க. நின்று ஊட்டினால் முதியவர் தலையை அண்ணாக்க நேரும். அப்பொழுது உணவு மூச்சுக்குழலிற் புகுந்து, நுரையீரலிற் சளிச்சுரத்தை விளைத்தல் கூடும்.

4. சிறு கவளமாக ஊட்டி, விழுங்கியபின் அடுத்ததைக் கொடுக்க. உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதிருக்க.

5. மசித்த உணவாயினும் ஒவ்வொன்றையும் வேறு வேறாகவே வைக்க. இன்னது இதுவென்று சொல்லி ஊட்டுக.

6. தாமே உண்ண வல்லவரை, நேரம் மிகுமென்று அஞ்சித் தடுக்காதிருக்க. சிந்தினாற் கடிந்துரையாதிருக்க.

7. விரதநாளை நினைவிற்கொண்டு கேட்க. நீரிழிவுக்கு மருந்துண்போர் வைத்தியரைக் கேட்டே விரதங் காக்கச் செய்க.

8. உணவை மறுப்பவரைப் பிடிவாதரென்று இகழாது, பல்நோவோ, விழுங்கற் குறையோ, மனத்துயரோ எனக் காரணம் ஆராய்க. விழுங்கும்போது இருமல் வரின் வைத்தியருக்கு அறிவிக்க.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நேரமும் பொறுமையுமே வேண்டும். ஊழியர் குறைந்த இல்லங்களில் அவ்விரண்டும் அரிதாதலின், ஊரிலுள்ள வாலிபர் முறைவைத்து உணவு வேளையிற் சென்று உதவுதல் நன்று.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைக் காக்க இயற்றப்பட்டது. சட்டம் முதியவருக்குச் சோற்றை வாங்கிக் கொடுக்கலாம். அதனை இடுங் கையிலே அன்பை வைத்தல் அதனால் இயலாது. அது நம்மிடத்ததே. நாளை நாமும் ஒருவர் கையை எதிர்நோக்கி இருப்போம் என்பதை மறவாதிருப்போமாக.