அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. தலைமையாசிரியர் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டுக் கையெழுத்திடுவது உறுத்துகிறது என்கிறாய். பூட்டிக் கிடக்கும் நூலக அறையை, நிரந்தரமாக வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

உருகுவே நாட்டில் ஹோவாகீன் சுவாரெஸ் என்று ஒருவர் இருந்தார். 1843 மார்ச் முதல் தேதி அதிபர் ரிவேராவின் பதவிக்காலம் முடிந்தது. இரண்டு வாரம் முன்புதான் அவருடைய எதிரி ஒரிபேயின் படை தலைநகர் மொண்டேவீடியோவை வளைத்திருந்தது. தேர்தல் நடத்த வழியில்லை. செனட் தலைவர் என்ற முறையில் ஆட்சி சுவாரெஸ் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 61. 1852 பிப்ரவரி வரை, ஏறக்குறைய ஒன்பது வருடம், அவர் பொறுப்பு அதிபர்தான்.

அதில் எட்டரை வருடம் முற்றுகை. கரிபால்டி இத்தாலியரைத் திரட்டி அந்த நகருக்காகப் போரிட்டது அப்போதுதான். கஜானா காலி; சுங்க வருமானத்தை வணிகர்களிடம் முன்கூட்டியே விற்று அரசு நாளை ஓட்டியது. அந்த நிலையில், 1849 ஜூலை 18 அன்று, பல்கலைக்கழகத்தைத் தொடங்கி வைத்தார் சுவாரெஸ். அதை அமைக்க 1838-இல் ஆணையிட்டவர் யார் தெரியுமா? நகருக்கு வெளியே பீரங்கியோடு நின்ற அதே ஒரிபே, தான் அதிபராக இருந்த காலத்தில்! எதிரி போட்ட ஆணை என்று சுவாரெஸ் ஒதுக்கவில்லை. எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது இங்கேதான். உனக்கு முன்னால் இருந்தவர் மேல் உனக்குக் கோபம் உண்டு, தெரியும். அவர் வாங்கி அடுக்கிய புத்தகங்கள் என்ன பாவம் செய்தன?

பெரிய நிலவுடைமையாளரான சுவாரெஸ் போர்ச் செலவுக்குச் சொந்தச் சொத்தையும் கொடுத்தார். பிறகு அதற்குக் கணக்குக் கேட்டபோது, பெற்ற தாயிடம் நான் கணக்குப் பார்ப்பதில்லை என்றாராம். உன் சம்பளத்தை நீ அப்படிக் கொட்ட வேண்டாம் அம்மா, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது. நான் கேட்பது அந்தச் சாவியை மட்டும்தான்.

திங்கட்கிழமை அறையைத் திற. சுவரோர அலமாரியை முதலில் நகர்த்திப் பார், கரையான் அங்கேதான் ஏறியிருக்கும். பதிவேட்டோடு புத்தகங்களை ஒத்துப்பார்க்க ஆள் வேண்டுமானால் நான் வந்து இரண்டு நாள் இருக்கிறேன். காலை பஸ் எத்தனை மணிக்கு என்று எழுது.

அன்புடன்,
சித்தப்பா