எலும்பு முறியும் என்று முடக்கிப் போடாதீர்கள்

'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா' என்ற பிறவி நோயில், எலும்புக்கு உரம் தரும் முதல் வகைக் கொலாஜன் புரதம் குறைவாகவோ பழுதாகவோ உருவாகிறது. லேசாக இடறினாலே எலும்பு முறியலாம். கால் வளையலாம், வளர்ச்சியும் குன்றலாம். இதற்குப் பயந்து, வளர்ந்த பிள்ளையைக்கூடக் கட்டிலை விட்டு இறங்க விடாத வீடுகள் உண்டு. பாசம்தான், ஆனால் தவறான வைத்தியம். தன்மேல் விழும் பளுவுக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்வது எலும்பின் இயல்பு. மாவுக்கட்டுடன் சில வாரம் அசையாமல் கிடந்தாலே தசை சூம்பும், எலும்பு மெலியும். அடுத்த முறிவுக்கு அதுவே வழிவிடும்.

'விழுந்துவிட்டால்?' என்ற கேள்வி நியாயமானதே. முட்டி மோதும் ஆட்டங்கள் வேண்டாம். ஆனால் தண்ணீர் உடல் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே பிசியோதெரபிஸ்ட் சொல்படி நெஞ்சளவு நீரில் நடந்து பழகி, பிறகு தரையில் நடக்கலாம். நீரைவிட, நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள ஈரத் தரைதான் ஆபத்து. வழுக்காத செருப்பு கட்டாயம். மருந்து போதுமே என்பாரும் உண்டு. பிஸ்பாஸ்போனேட் மருந்து எலும்பின் அடர்த்தியைக் கூட்டும். கொலாஜன் பழுதை நீக்காது, தசைக்கு வலுவும் தராது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போது, பாடப்புத்தகத்தில் பள்ளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று வைத்தால் தோள்பையின் சுமை குறையும். பிள்ளை விழுந்தால், உதவ வருகிறவர்கள் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடும், அதிலேயே முறிவு வரலாம். எங்கே பிடிக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்லும்வரை யாரும் தொடாதீர்கள்.