முறுக்கிய கம்பியும் முறுக்காத கம்பியும்

அன்புள்ள கயல்விழி,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டு வேலைக்கு வந்திறங்கிய கம்பியைப் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்தில் கம்பியை முறுக்கிப் பலப்படுத்தினார்களாம். இந்த டி.எம்.டி. கம்பியை யாரும் முறுக்கவில்லையே, இதற்கு எங்கிருந்து பலம் வந்தது?” என்று கேட்டிருக்கிறாய். தகைவு, திரிபு என்று ஒரு வரைபடம் போட்டுவிட்டுப் பாடப்புத்தகம் தாண்டிப்போகிற இடம் இது. கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

கம்பியை இழுத்தால் அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் இம்மியளவு கூடும், விட்டால் பழையபடி சேர்ந்துகொள்ளும். இதில் மிருதுவான கம்பி, உறுதியான கம்பி என்ற பேதமே கிடையாது. இழுவைக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று சொல்லும் யங் குணகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த இடத்தில் திரும்பி வராமல் போகிறது என்பதில்தான் வேறுபாடு. மைல்டு ஸ்டீல் கம்பி ஒரு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் விசையிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். உங்கள் கம்பியின் மேல் பொறித்திருக்கும் 500 என்ற எண் அதே எல்லையைத்தான் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்: 12 மி.மீ. கம்பியில் ஐந்தரை டன் எடையைத் தொங்கவிட்டு இறக்கினாலும் அது பழைய நீளத்துக்கே வர வேண்டும். அந்தப் பாரத்திலும் ஒரு மீட்டர் கம்பி நீள்வது இரண்டரை மி.மீ.க்குள்தான்.

அந்த எல்லையைத் தாண்டினால் நடப்பது வேறு. உலோகம் என்பது அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கிய படிகம். நிரந்தரமாக வளைவது என்றால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்குகிறது என்று பொருள். அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதாக வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் ஃப்ரெங்கல் என்ற ரஷ்ய இயற்பியலாளர் கணக்கிட்டார். தூய உலோகப் படிகங்கள் உண்மையில் தாங்குவதைப்போல் பல ஆயிரம் மடங்கு விடை வந்தது. கணக்கு சரிதான். அடுக்குதான் அப்படி நகர்வதில்லை.

பெரிய ஜமுக்காளத்தை விரித்த பிறகு ஒரு சாண் தள்ளிப்போட வேண்டும் என்று வை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அசையாது. ஒரு முனையில் சின்னச் சுருக்கம் உண்டாக்கி அதை மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போனால், ஜமுக்காளம் நகர்ந்திருக்கும். உலோகத்துக்குள்ளும் அப்படிச் சுருக்கங்கள் உண்டு. பாதியிலேயே நின்றுபோன அணு வரிசையின் விளிம்பு அது. பெயர் டிஸ்லொகேஷன். 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி என்ற மூன்று ஆய்வாளர்களும் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்தார்கள். அப்போது அதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. 1956இல்தான் கேம்பிரிட்ஜில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், அலுமினியத் தகட்டுக்குள் அது ஊர்ந்துபோவதைப் பார்த்தார்கள். அதே பத்தாண்டில், இந்தப் பிழை ஏறக்குறைய இல்லாத, தலைமுடியைவிட மெல்லிய இரும்பு இழைகளை இழுத்துச் சோதித்தபோது சதுர மி.மீ.க்கு 13,000 நியூட்டன் வரை தாங்கின. ஃப்ரெங்கல் சொன்னதற்கு அருகில்! ஆனால் அந்த இழையை வைத்து வீடு கட்ட முடியாது. பெரிய துண்டு உலோகத்தில் பிழையை ஒழிக்க வழியில்லை. ஒழிக்க முடியாததை நகர விடாமல் மறிப்பதுதான் நம்மால் ஆகிற காரியம். உலோகவியலில் பாதி இந்த மறியல் வேலைதான் என்பேன்.

மறிக்கும் வழிகளில் எளிதானது முறுக்குவது. கட்டுக்கம்பியில் ஒரு துண்டை எடுத்து வளைத்துவிட்டு, நிமிர்த்திப் பார். வளைத்த இடம் முறைத்துக்கொண்டு நிற்கும், பக்கத்து இடம்தான் வளைந்துகொடுக்கும். வளைக்கும்போது டிஸ்லொகேஷன்கள் நகர்வதோடு பெருகவும் செய்கின்றன. சூடாக்கி ஆறவைத்த மென்மையான உலோகத்தில் ஒரு சதுர செ.மீ.யை ஊடுருவும் பிழைக் கோடுகள் சில கோடி இருக்கலாம். நன்றாக அடித்தோ முறுக்கியோ எடுத்ததில் லட்சம் கோடியைத் தொடும். அத்தனையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் எதுதான் நகரும்? குளிர்ந்த கம்பியை முறுக்கிச் செய்த பழைய டார் கம்பியின் பலம் இந்தச் சிக்கல்தான். அதற்கு விலையும் உண்டு. நீளும் தன்மை குறைந்துபோகும். அதே கட்டுக்கம்பியை விடாமல் முன்னும் பின்னும் வளைத்தால் ‘பட்’டென்று ஒடிகிறதல்லவா?

வேறு வழிகளும் உண்டு. அம்மாவின் 22 காரட் வளையலில் தங்கம் 91.6 சதவீதம். மீதியாகச் சேர்க்கும் உலோகத்தில் செம்பு அணுக்கள் அளவில் ஒத்துப்போகாமல் பாதையை மேடுபள்ளமாக்குகின்றன. படிகத் துகள்களைச் சிறிதாக்கினால் அவற்றுக்கு இடையிலுள்ள எல்லைகள் கூடும், அதுவும் தடைதான். 1906இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம், செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் குளிர்வித்தார். ஓரிரு நாள் கழித்து மறுபடி சோதித்தால், சும்மா கிடந்த உலோகம் இன்னும் கடினமாகியிருந்தது! உள்ளே செம்பு அணுக்கள் நுண்ணிய கூட்டங்களாகத் திரண்டிருந்தன என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது.

இனி உன் டி.எம்.டி. கம்பி. உருளைகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் டிகிரிச் சூட்டில் செக்கச்செவேலென்று வரும் கம்பி மேல் சில நொடிகள் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். மேல்தோல் சட்டென்று குளிர, வெளியேற நேரமில்லாத கார்பன் அணுக்கள் இரும்பு அடுக்குகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. இந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். டிஸ்லொகேஷனுக்கு மிகக் கடுமையான தடை, ஆனால் அப்படியே விட்டால் நொறுங்கும். இங்கேதான் கெட்டிக்காரத்தனம்: கம்பியின் நடுப்பகுதி இன்னும் கொதிக்கிறது, அந்தச் சூடு வெளியே பரவித் தோலைப் பதப்படுத்திவிடுகிறது. தனியாக உலையில் வைக்க வேண்டியதில்லை. நடுப்பகுதியோ மெதுவாக ஆறி மிருதுவாகவே இருந்துவிடுகிறது. வெளியே உறுதி, உள்ளே வளைந்துகொடுக்கும் குணம். குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலைத் தடவினால் அந்த வெளி வளையம் கறுப்பாகத் தெரியும். அதை உன் கல்லூரி ஆய்வகத்தில் செய்துகொள், வீட்டில் வேண்டாம்.

அப்பாவிடம் இரண்டு விஷயம் சொல். 500க்குப் பின்னால் ‘டி’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்கட்டும். இந்தியத் தர விதிப்படி வெறும் 500 கம்பி உடைவதற்கு முன் குறைந்தது 12 சதவீதம் நீண்டால் போதும், 500டி 16 சதவீதம் நீள வேண்டும். நில அதிர்வு வந்தால் இந்த நீட்சிதான் உதவும். அடுத்தது, தடித்த கம்பியை வளைக்கச் சிரமமாக இருக்கிறதென்று யாராவது கேஸ் நெருப்பைக் காட்டிச் சிவக்கச் சூடாக்கினால் உடனே நிறுத்தச் சொல். அந்த வளையத்தின் பதம் போய்விடும், அதன் பிறகு அது 500 கம்பி அல்ல.

அன்புடன்,
மாமா