கற்பவன் கையில் கார்: சேதத்திற்குப் பொறுப்பாளி யார்?

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை. காசியின் குளிருக்கு அஞ்சி விடுதி அறையில் போர்வையும் புத்தகமுமாக அமர்ந்திருந்தேன். கரூர்ப் பக்கத்திலிருந்து அவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்த தம்பி ஒருவன் கதவைத் தட்டி உள்ளே வந்தான். முகம் வாடியிருந்தது, கையில் ஒரு தாள். "அண்ணா, இதிலே என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றான்.

தாள் இந்தியில் இருந்தது. என் தந்தையார் ரயில்வே வேலையாக வடக்கே வந்து குடியேறியவர்; ஆதலால் அவ்வெழுத்து எனக்குப் பள்ளிப் பழக்கம். "பயிற்சியின்போது வண்டிக்கு ஏற்படும் சேதம் அனைத்தும் மாணவரையே சாரும்" என்று ஒரு வரி. அதன் கீழே தம்பியின் கையெழுத்து, தமிழில்!

நடந்தது இதுதான். கார் ஓட்டக் கற்பிக்கும் பள்ளி ஒன்றில் அவன் பணம் கட்டிச் சேர்ந்திருந்தான். நான்காம் நாள் வண்டியைப் பின்னோக்கி எடுக்கையில், பிரேக் என்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டான். வண்டி ஒரு தூணில் மோதிப் பின்கதவு நசுங்கிற்று, விளக்கு உடைந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஆசிரியரோ அச்சமயம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்காரர் 9,000 ரூபாய் கேட்டார். மெஸ்ஸுக்கென்று வீட்டிலிருந்து வந்த பணத்தில் 3,000 ரூபாயை அங்கேயே கொடுத்துவிட்டான். மீதிக்கு ஒரு வாரத் தவணை. அதுவரை பாடமும் இல்லை.

"நான்தானே அண்ணா இடிச்சேன்? நான்தானே கொடுக்கணும்?" என்று அவன் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. அதன்பின் சட்ட நூல்களைப் புரட்டியும், சட்டப் பிரிவில் பயிலும் நண்பர்களை நச்சரித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் இவ்வூரில்தான் கார் ஓட்டக் கற்கிறோம். ஆகவே இது நம் எல்லோருக்கும் பயன்படக்கூடும்.

1. சட்டம் விதிக்கும் மூன்று நிபந்தனைகள்

நம் நாட்டில் இப்பொருளை ஆள்வது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஆகும். அவ்விதிகளுள் மூன்றாவது, கற்பவன் வண்டி ஓட்டுவதற்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. அவனிடம் பழகுநர் உரிமம், அதாவது நாம் எல்.எல்.ஆர். என்று சொல்வது, இருக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். அடுத்து, உரிய லைசென்ஸ் பெற்ற ஆசிரியர் ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும்படியான இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். அந்தப் பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்திற்குக் குறையலாகாது.

இரண்டாவது நிபந்தனையை மறுபடியும் படித்துப் பாருங்கள். ஆசிரியர் வண்டியில் இருந்தால் மட்டும் போதாது. வண்டியை நிறுத்தக்கூடியவராக இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளின் கார்களுக்கு இன்னும் ஒரு படி மேலே சென்று, இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று 24-ஆம் விதி கட்டளையிடுகிறது. ஆசிரியரின் காலடியிலும் பிரேக் இருப்பது இதனால்தான்.

இதன் நியாயத்தைப் பௌதிக மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் சுமார் 5.6 மீட்டர் கடக்கும். 40 கிலோமீட்டரில் 11 மீட்டர். ஆபத்தைக் கண்டபின் பிரேக்கை மிதிக்கத் தேர்ந்தவருக்கே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. கற்பவனோ, எது பிரேக், எது கிளட்ச் என்று எண்ணிப் பார்க்க மேலும் ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறான். அந்த இரண்டாவது விநாடியைக் காப்பதற்கென்றே ஏற்பட்டது ஆசிரியரின் பிரேக். அதை அவர் பயன்படுத்தாதபோது, தவறு மாணவனோடு நின்றுவிடுமா?

2. பயிற்சிப் பள்ளியின் வண்டி

பள்ளி கட்டணம் பெறுகிறது; எந்தச் சாலை, எந்தப் பாடம் என்பதைத் தானே தீர்மானிக்கிறது; மாணவனுக்கு ஓட்டத் தெரியாது என்பதை அறிந்தே அவனைச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கற்பவன் இயல்பாகச் செய்யும் பிழைகள் அத்தொழிலில் உடன்வருபவை. அவற்றைத் தடுப்பதும் தாங்குவதும் முதலில் பள்ளியின் கடமை. தையல் கற்பிக்கும் இடத்தில் துணி கோணலாகத்தான் வெட்டுப்படும்!

மாணவனுக்குப் பொறுப்பே இல்லையா எனில், உண்டு. ஆசிரியரின் சொல்லை வேண்டுமென்றே மீறினாலும், குடித்துவிட்டு அமர்ந்தாலும், அவர் இல்லாதபோது வண்டியை எடுத்தாலும் நஷ்டம் அவன் தலையில்தான் விழும்.

அப்படியானால் கையெழுத்திட்ட தாள்? கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. 'படிக்கவில்லை' என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் மீது நியாயமற்ற சுமையை ஏற்றும் ஒப்பந்தங்களைத் தனியே வகைப்படுத்தியிருக்கிறது. அத்தகைய நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்திற்கு உண்டு. சேவையில் குறை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். பிரேக்கில் கால் வைக்க வேண்டியவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது சேவையில் குறை அன்றி வேறென்ன?

3. நண்பரின் வண்டி

பணம் வாங்காமல், நட்புக்காகத் தம் காரைத் தரும் மூத்த மாணவர்களும் உறவினர்களும் உண்டு. இங்கே நிலைமை வேறு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பிறர் பொருளைப் பெற்றுக்கொண்டவன், சாதாரண அறிவுள்ள ஒருவன் தன் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும். அவ்வாறு காத்தும் சேதம் நேர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவன் பொறுப்பாளி ஆகான். கொடுத்தவருக்கும் கடமை உண்டு. தமக்குத் தெரிந்த பழுதை, உதாரணமாகப் பிரேக் சரியில்லை என்பதை, அவர் மறைத்தால் அதனால் வரும் தீங்குக்கு அவரே பொறுப்பு.

இவ்வகையில் 1971-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்த வழக்கு அறியத்தக்கது. நண்பர் ஒருவர் ஒரு பெண்மணிக்கு ஓட்டக் கற்பித்தார். தொடங்குமுன், விபத்து நேர்ந்தால் தமக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். மூன்றாம் பாடத்தில், திருப்பத்தில் திரும்பிய பெண்மணி ஸ்டியரிங்கை நேராக்காமல் பிடித்தபடியே இருக்க, கார் விளக்குக் கம்பத்தில் மோதிக் கற்பித்தவரின் முழங்கால் சில்லு உடைந்தது. கற்பவர் என்பதால் சலுகை இல்லை, தேர்ந்த ஓட்டுநருக்குரிய கவனமே அவருக்கும் அளவுகோல் என்றது நீதிமன்றம். எனினும் வண்டியைக் கட்டுப்படுத்துவதில் இருவருக்கும் பங்கு உண்டென்று, கற்பித்தவருக்குரிய நஷ்டஈட்டைப் பாதியாகக் குறைத்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயம் நமக்கும் புரிகிறது. பொறுப்பு ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு நிற்பதில்லை. தடுக்க வல்லவர் யாரோ அவரிடமும் செல்கிறது.

4. வெளியாருக்கு நேரும் நஷ்டம்

வண்டி தூணில் மோதாமல் ஒரு ரிக்ஷாக்காரர் மீது மோதியிருந்தால்? அவருக்கு நம் பயிற்சிக் கணக்கெல்லாம் எதற்கு? அவர் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மன்றத்தில், ஓட்டியவர், உரிமையாளர், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகிய மூவர் மீதும் கோரலாம். வெளியாருக்கான இன்ஷூரன்ஸ் எல்லா வண்டிக்கும் கட்டாயம்.

கற்பவன் ஓட்டினால் கம்பெனி கொடுக்குமா என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. பழைய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், பழகுநர் உரிமம் போதாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பின்னர் 2004-இல், சுவரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, பழகுநர் உரிமமும் உரிமமே; கம்பெனி வெளியாருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று தெளிவாக்கியது. உரிமமே இல்லாதவன் ஓட்டினால் கதை வேறு; பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க நேரலாம். ஓட்டியவனுக்கும், ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ தனியே உண்டு.

5. இன்ஷூரன்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும்

வெளியாருக்கு மட்டுமான பாலிசியாயின், காரின் சொந்தச் சேதத்திற்கு ஒரு காசும் வராது. முழுப் பாலிசியாயின், மேலே கூறிய மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றிய பழகுநர் ஓட்டினாலும் கொடுப்பர். ஆயினும் 1,500 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு முதல் 1,000 ரூபாய் உரிமையாளருடையது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி கழித்துவிடுவர். அரைக் கிளட்சிலேயே ஓட்டிக் கிளட்சைத் தேய்த்தால், அது தேய்மானம், பாலிசியில் சேராது. கூலிக்கு ஓட்டினால் சொந்தக் கார் பாலிசி செல்லாது. ஆகவே தம் காரில் பணம் வாங்கிக் கற்பிக்கும் 'அண்ணன்மார்' எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நண்பரின் காராயின் இன்னொன்றும் உண்டு. ஐந்து ஆண்டு நஷ்டம் கோராதவருக்குப் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை சலுகை கிடைக்கும். நம் பொருட்டு அவர் ஒருமுறை கோரினால் அச்சலுகை போய்விடும். சட்டம் கேட்காவிட்டாலும், அந்த இழப்பை ஈடு செய்வது நம் மரியாதை.

6. சாவியைத் தொடுமுன்

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இவ்வளவே. பாலிசியைக் கேட்டுப் பாருங்கள். முழுப் பாலிசியா, தேதி நடப்பில் உள்ளதா என்று நோக்குங்கள். ஆசிரியரின் காலடியில் பிரேக் உள்ளதா என்று குனிந்து பாருங்கள். உரிமமும் 'எல்' பலகையும் இன்றி வண்டியை நகர்த்தாதீர்கள். வளாகச் சாலைதானே என்ற துணிவும் வேண்டாம். சேதமானால் யார் எவ்வளவு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். புரியாத மொழியில் கையெழுத்திடாதீர்கள். நம் சங்கத்தில் இந்தி அறிந்தவர் யாரிடமாவது காட்டுங்கள். அதற்கு யாரும் சலித்துக்கொள்ளமாட்டார்.

தம்பியின் கதைக்கு வருவோம். மூன்றாம் நாள் இருவருமாகப் பள்ளிக்குச் சென்றோம். "பாலிசியைக் காட்டுங்கள், மோதியபோது ஆசிரியரின் கால் எங்கே இருந்தது என்பதையும் சொல்லுங்கள்" என்று கேட்டேன். பள்ளிக்காரர் முதலில் சத்தமிட்டார். பிறகு தேநீர் வரவழைத்தார். மீதி 6,000 ரூபாயைக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். பாடமும் மறுநாளே தொடங்கிற்று. கொடுத்த 3,000 மட்டும் திரும்பவில்லை. முன்னமே கேட்டிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்கும்.

வரும் வழியில் தம்பி, "அப்போ இடிச்சது என் தப்பில்லையா அண்ணா?" என்றான். "உன் தப்பும்தான், உன் தப்பு மட்டும் இல்லை" என்றேன். அன்றிரவு மெஸ்ஸில் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.