விலகல் கடிதத்துக்கு முன் மூச்சுப் பரிசோதனை

கேள்வி: வக்கீல் ஐயா, எனக்கு ஊர் புதியம்புத்தூர். வயது 41. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினோரு வருஷமாக கார்டிங்கில் வேலை பார்க்கிறேன். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற அன்றைக்கு நெஞ்சைக் கட்டிக்கொள்ளும், மறுநாள் சரியாகிவிடும். இப்போது வாரம் முழுக்க இருமல். மில்லில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். பெரிய டெஸ்ட் எடுத்தால் வேலை போய்விடும் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, ஊரிலேயே ரெடிமேட் யூனிட்டில் தையலுக்குப் போகட்டுமா?

பதில்: போகலாம், சகோதரி. ஆனால் பரிசோதனை எடுத்து, அது காகிதத்தில் ஏறிய பிறகு போங்கள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

லீவு முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுவது, பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் பழைய அடையாளம். பஞ்சைப் பிரிக்கும் ப்ளோ ரூம், பஞ்சைச் சீவும் கார்டிங் ஆட்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். தொடக்கத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் குணம் தெரியும். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. எக்ஸ்ரேயில் இது தெரிய வேண்டிய அவசியமில்லை. உங்களுக்குத் தேவை ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை. லீவு முடிந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை ஊதினால், இடையில் மூச்சு எவ்வளவு குறைந்தது என்று தெரியும். வாரக் கடைசியில் ஊதினால் அந்த வித்தியாசம் பிடிபடாமல் போகலாம். டாக்டரிடம் நாள் விவரத்தைச் சொல்லியே கேளுங்கள்.

கோவில்பட்டி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்குங்கள். "பதினோரு வருஷம் கார்டிங்கில் வேலை" என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் "இருமல்" என்று எழுதிய சீட்டு பின்னால் உதவாது. சிக்கலான நேர்வுகளுக்குச் சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய் மையம் இருக்கிறது.

இனி சட்டம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே பிசினோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை விட்டுவிடவில்லை. நோய் இருப்பதாகக் கருதும் டாக்டர் அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். ஆலையும் தெரிவிக்க வேண்டும். டாக்டர் தயங்கினால் இந்தக் கடமையை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

வேலை போகும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிசோதனைக்குப் போனது வேலைநீக்கத்துக்குக் காரணம் ஆகாது. வேறு காரணம் சொல்லி அனுப்பப் பார்ப்பவர்களும் உண்டு. அதற்காகத்தான் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். இன்னொன்று, இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்குத் தொழில்சார் நோய் உறுதியானால் இயலாமைத் தொகையைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. கழகம். ஆலை சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்தப் பணம் ஆலையின் கையிலிருந்து போகாது. இது பல சூப்பர்வைசர்களுக்கே தெரியாது. தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றம் கேட்டு மனு கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள். மனுவின் நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1995இல் கல்நார் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலையை விட்ட பிறகும் 15 ஆண்டு வரை மருத்துவப் பதிவேடுகளைக் காக்க அந்த ஆலைகளுக்கு ஆணையிட்டது. கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்டது என்று போராடிய முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. வேலையை விட்ட பிறகு நோயை நிரூபிப்பது அவ்வளவு நெடிய பாடு.

பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, மில்லில் எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள். உங்கள் ஊர்த் தையல் யூனிட்டில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை; இப்போது இருக்கும் காப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். பிறகு விலகுவதாக இருந்தால், கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். "பஞ்சுத் தூசியால் மூச்சுத் திணறல், மருத்துவ ஆலோசனைப்படி விலகுகிறேன்" என்று எழுதி, டாக்டர் சீட்டின் நகலை இணையுங்கள்.