மூடுவதற்கு முன் கணக்கை இன்னொரு முறை பாருங்கள்

நட்டத்தில் ஓடும் பிரிவை மூடுவதா, வைத்திருப்பதா? வியாபாரம் செய்யும் எவருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். கணக்கப்பிள்ளை கொப்பியைக் காட்டுவார். சிவப்பு மையில் ஒரு தொகை இருக்கும். அதைப் பார்த்ததும் அடுத்த மாதமே பூட்டுப் போட்டுவிடலாம் என்று தோன்றும். இப்படிப் பூட்டுப் போட்டு, ஆறு மாதத்தில் திரும்பத் திறக்கத் தீர்மானித்த ஒரு நிறுவனத்தின் கதையை இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம். அது கடையல்ல, ஒரு பல்கலைக்கழகம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பேர்மிங்ஹாம் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் பேர்மிங்ஹாம் வளாகத்தைச் சுருக்கமாக யூ.ஏ.பி. என்பார்கள். மருத்துவத்துக்குப் பெயர் போனது. பருமனில் நடுத்தரமானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்பது மாலை நேரப் பொழுதுபோக்கு அல்ல. தனி நிர்வாகம், சம்பளத்துக்குப் பயிற்றுநர், டிக்கட் விற்பனை, தொலைக்காட்சி வருமானம் என்று அது ஒரு முழு வியாபாரம். அதில் முதலிடம் அமெரிக்க ஃபுட்போலுக்கு. நமது உதைபந்தாட்டம் அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்.

2014 டிசம்பர் 2ஆம் திகதி யூ.ஏ.பி. தனது ஃபுட்போல் அணியைக் கலைப்பதாக அறிவித்தது. கூடவே போலிங், துப்பாக்கி சுடுதல் ஆகிய இரண்டும் போயின. நிர்வாகம் சொன்ன காரணம் இதுதான்: விளையாட்டுத்துறையின் வருடச் செலவு சுமார் 30 மில்லியன் டொலர். அதில் 20 மில்லியனைப் பல்கலைக்கழகமே மானியமாகக் கொடுக்கிறது. போட்டியில் நிலைத்திருக்க வேண்டுமானால் அடுத்த 5 வருடங்களில் மேலும் 49 மில்லியன் தேவை என்று ஆலோசனை நிறுவனமொன்று அறிக்கை கொடுத்திருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான முடிவு. நானும் கடைக்காரன் என்ற வகையில், 30 ரூபா செலவில் 20 ரூபாவைக் கைப்பணத்திலிருந்து போடும் பிரிவை யாரும் விரும்பி வைத்திருக்க மாட்டார்கள் என்று அறிவேன். ஆனால் அந்த நட்டத் தொகை எப்படி வந்தது என்று பொருளியலாளர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். நமக்கான பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஃபுட்போல் அணிக்கு 85 வீரர்கள் வரை புலமைப்பரிசில் கொடுக்கலாம் என்பது அப்போதைய விதி. அவர்களின் படிப்புக் கட்டணத்தை விளையாட்டுத்துறையின் செலவாக, முழு விலைக்கு எழுதினார்கள். ஆனால் அந்தப் பணம் போவது வெளியே அல்ல. பல்கலைக்கழகத்தின் மற்றொரு பைக்குத்தான். வகுப்பில் இடம் காலியாக இருக்கும்போது கூடுதலாக ஒரு மாணவர் உட்காருவதால் வரும் உண்மைச் செலவு மிகக் குறைவு.

நமது மொழியில் சொல்வதானால், உங்கள் லொறி கொழும்பிலிருந்து வாரந்தோறும் பாதி காலியாக வருகிறது. அதில் உங்களுடைய இரண்டாவது கடையின் சரக்கை ஏற்றி, அந்தக் கடையின் கணக்கில் முழு வாடகையையும் செலவாக எழுதுகிறீர்கள். வருட முடிவில் இரண்டாவது கடை நட்டம் காட்டும், லொறி இலாபம் காட்டும். கடையை மூடினால் அந்த நட்டம் போய்விடுமா? போகாது. லொறியின் இலாபமும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்றும் இருந்தது. யூ.ஏ.பி. அங்கம் வகித்த விளையாட்டுச் சங்கத்தில் இருப்பவர்கள் ஃபுட்போல் ஆட வேண்டும் என்பது விதி. ஆகவே அதை விட்டால் கூடைப்பந்து முதலான மற்ற விளையாட்டுகளின் இடமும் ஆபத்தில் விழும். சீனியில் இலாபம் இல்லை என்று சீனி விற்பதை நிறுத்தினால், சீனிக்கு வந்தவர் வாங்கிப்போகும் தேயிலையும் பால்மாவும் விற்காமல் போகும் அல்லவா?

நேரத்தையும் கவனியுங்கள். 2013இல் அந்த அணி வென்றது 2 போட்டிகள் மட்டுமே. 2014இல் புதிய பயிற்றுநர் பில் கிளார்க் வந்து 6 போட்டிகளை வென்று கொடுத்தார். வியாபாரம் எழும்பத் தொடங்கிய வருடத்திலேயே கதவை மூடினார்கள்.

நகரம் கொதித்தது. பேராசிரியர்களின் மன்றம் தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. ஊர் வர்த்தகர்களும் ஆதரவாளர்களும் கோஷத்தோடு நிற்காமல் பணம் தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். 2015 ஜூன் 1ஆம் திகதி முடிவு மாற்றப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகம் ஒரு நிபந்தனை வைத்தது: தான் கொடுக்கும் மானியத்தைக் கூட்ட முடியாது, மேலதிகத் தொகையைக் கேட்பவர்களே கொண்டுவர வேண்டும். இது நல்ல நிபந்தனை. உங்களிடம் வந்து "அந்தச் சாமானை நிறுத்தாதீர்கள்" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம், "மாதம் எத்தனை எடுப்பீர்கள்?" என்று கேட்பது போன்றது.

திறப்பது என்று தீர்மானித்தாலும் உடனே திறக்க முடியவில்லை. வீரர்கள் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். 2015, 2016 இரண்டு வருடங்களும் ஆட்டமே இல்லை. பயிற்றுநர் கிளார்க் மட்டும் போகாமல் இருந்து, ஆட்களை ஒவ்வொருவராகச் சேர்த்தார். 2017 செப்டெம்பரில் முதல் போட்டிக்கு 45,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். 2018இலும் 2020இலும் அந்த அணி தனது சங்கத்தின் சம்பியனானது. 2021இல் நகரில் புதிய மைதானமும் திறக்கப்பட்டது.

இதை வைத்து நட்டமான எதையும் மூடக்கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றின் விளையாட்டுத்துறை இன்றும் வருமானத்தைவிட அதிகமாகவே செலவழிக்கிறது. யூ.ஏ.பி.யின் மானியமும் பொய்க்கணக்கு அல்ல. மூட வேண்டியதை மூடத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள்.

1. இந்தப் பிரிவின் செலவில் எவ்வளவு உண்மையில் வெளியே போகிறது, எவ்வளவு என்னுடைய இன்னொரு பைக்கு வருகிறது?

2. இதை மூடினால் நின்றுபோகும் செலவு எது? வாடகை, காவலாளி சம்பளம் போல மூடினாலும் தொடரும் செலவு எது?

3. இதற்காக வருபவர்கள் வேறு எதை வாங்குகிறார்கள்?

4. நாளை திரும்பத் திறக்க நேர்ந்தால் ஆட்களையும் வாடிக்கையாளரையும் சேர்க்க எத்தனை காலம் ஆகும்?

நான்குக்கும் விடை எழுதிய பிறகும் நட்டம்தான் என்றால் தயங்காமல் மூடுங்கள். வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, கணக்குத் தீர்த்து, மரியாதையாக அனுப்புங்கள். பூட்டுப் போட ஒரு நாள் போதும். போன ஆளையும் போன பெயரையும் திரும்பக் கொண்டுவர யூ.ஏ.பி.க்கே இரண்டு வருடங்களுக்கு மேல் பிடித்தது.