மெரினாவுக்கு வந்த மணல், ராயபுரத்துக்குப் போகாத மணல்

"மெரினா ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது."

இல்லை. மெரினாவின் பெரும்பகுதிக்கு நூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸை, இன்றைய விவேகானந்தர் இல்லத்தை, நினைத்துப் பாருங்கள். உருகும் சரக்குக்கான கிடங்கை யாரும் கடலிலிருந்து தள்ளிக் கட்டமாட்டார்கள். இன்று அதன் வாசலில் இறங்கிக் காமராஜர் சாலையைத் தாண்டினாலும், அலையில் கால் நனைக்க மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். கட்டடம் அங்கேயேதான் இருக்கிறது. தள்ளிப்போனது கடல்.

தள்ளிவைத்தது துறைமுகம். அதற்கு முந்தைய மெட்ராஸில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். ஆளும் சரக்கும் மசூலா படகுகளில் அலையோடு மல்லுக்கட்டிக் கரைசேர வேண்டும். 1870களின் நடுவில் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்ட ஆரம்பித்தார்கள். முடியும் தறுவாயில் 1881இல் ஒரு புயல் வந்து வேலையைக் குலைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். புயல் ஒரு நாளில் போய்விட்டது; மணல் போகவில்லை. தெற்குச் சுவரில் முட்டி முட்டிச் சேர்ந்து, கிழக்கு பார்த்திருந்த துறைமுக வாயிலையே அடைக்கப் பார்த்தது. கடைசியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் வாயிலை வடகிழக்குப் பக்கம் திருப்பிவைக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் கரையோரம் உலாவுசாலை போட்டு மெரினா என்று பெயரும் வைத்துவிட்டார். சாலைக்கு முன்னால் மணல் அகன்றுகொண்டே போனது. இன்று சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? கடல் தன் அடியிலிருந்து அள்ளிப் போட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம் கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறுகள் மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் அரைத்துக் கொண்டுவந்தது. முகத்துவாரத்தில் இறக்கிவிட்டால் ஆற்றின் வேலை முடிந்தது. அங்கிருந்து அலை பொறுப்பேற்கிறது. ஜூன், ஜூலை மாலையில் பெசன்ட் நகர் கரையில் அலை விளிம்பைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். யாரோ தொலைத்த ஒற்றை ரப்பர் செருப்பு கிடைத்தால் இன்னும் வசதி. அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக ஏறும்; இறங்கும்போது மட்டும் சரிவைப் பார்த்து நேராக இறங்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் செருப்பு ஓரிரு அடி வடக்கே போயிருக்கும். மணலும் அப்படியே, இரவு பகலாக. வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஓட்டம் தெற்கே திரும்பும். ஆனால் தென்கிழக்கு அலைக்குத்தான் மாதங்கள் அதிகம். ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். இந்தப் பயணத்தின் குறுக்கே நீட்டிய சுவருக்குத் தெற்கே நின்றுபோன சரக்குதான் மெரினா.

அப்படியானால் வடக்கே? அங்கேதான் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. அலை அங்கே இருக்கும் மணலை வழக்கம்போல வடக்கே கொண்டுபோனது. அதன் இடத்துக்கு வர வேண்டியது துறைமுகச் சுவரில் தங்கிவிட்டது. தெருத்தெருவாகக் குப்பங்கள் போயின. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது இதை யாரும் நினைப்பதில்லை. நினைத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் வடசென்னையில் கடல் ஊரை விழுங்குகிறது என்று எழுதும்போதாவது கடலின் மேல் மட்டும் பழி போடாமல் இருக்கலாம்.

"கடல் மட்டம் உயருகிறது, அதனால்தான் கரை அரிக்கிறது."

பாதி உண்மை. பாதி உண்மைகளைத் திருத்துவதுதான் கஷ்டம். கடல் மட்டம் உயர்வது நிஜம். 1900க்குப் பிறகு உலகச் சராசரியில் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, வேகமும் கூடுகிறது. தாழ்ந்த கழிமுகங்களுக்கு இது பெரிய ஆபத்து. ஆனால் அதே நூறு ஆண்டுகளில், அதே கடலில், துறைமுகத்துக்குத் தெற்கே கரை நூற்றுக்கணக்கான மீட்டர் முன்னேறியது. சில கிலோமீட்டர் வடக்கே பின்வாங்கியது. கடல் மட்டம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். வேறுபட்டது மணல் வரத்து. அணைகள் மணலைத் தேக்குவதும், ஆற்றுப் படுகைகளில் மணல் அள்ளுவதும், கரையில் சுவர் நீட்டுவதும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டால் சிலருக்கு நிம்மதிதான்.

"கல்லைக் கொட்டினால் கரை நிற்கும்."

கல்லுக்குப் பின்னால் இருக்கும் சாலை நிற்கும், சில காலம். கல்லுக்கு முன்னால் இருக்கும் கரை போய்விடும். மணல் சரிவில் ஏறும் அலை, ஏற ஏறப் பலம் இழக்கும். பாறைச் சுவரில் மோதும் அலை திரும்பி அடித்து, சுவரின் காலடி மணலையே தோண்டும். கற்கள் உள்ளே சரியும். மறுபடி லாரி வரும்.

புதுச்சேரியில் இதை அப்படியே பார்க்கலாம். 1989இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல்போனது. கடற்கரைச் சாலையைக் காக்கப் பாறைகள் அடுக்கினார்கள். சாலை தப்பியது, அரிப்பு பாறைகள் முடியும் இடத்துக்கு நகர்ந்தது. அங்கும் அடுக்கினார்கள். அது எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று போனது. மாநில எல்லை அலைக்குத் தெரியாதே. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகளின் கதையும் இதுதான்: தென்புறம் மணல் சேர்ந்த குப்பம் சந்தோஷப்படும், வடபுறத்துக் குப்பம் தனக்கும் ஒன்று கேட்டு மறியலில் உட்காரும். இருவர் மேலும் தப்பில்லை.

2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வேறு வழியில் போனது. புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, ஆப்பு வடிவில் ஒரு இரும்புக் கட்டமைப்பை நீருக்கடியில் இறக்கியது. அலை அதன் மேல் உடைந்து பலம் குறைந்து வரும். பின்னால் மணல் தங்கும். துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். ஒரு தலைமுறை பார்க்காத மணல் திரும்பவும் தெரிந்தது. மணலைச் சுவரைத் தாண்டி எடுத்துக் கொடுப்பது ஒரு தடவையில் முடியும் வேலையில்லை. துறைமுகம் இருக்கும்வரை தொடர வேண்டியது.

"புயல் கடற்கரையைக் கொண்டுபோய்விட்டது."

பெரும்பாலும் கடனாகத்தான் வாங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையின் முரட்டு அலைகள் கரை மணலை இழுத்துச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மேடாகப் போட்டுவைக்கும். அடுத்த அலைகள் அந்த மேட்டில் உடையும். கடல் அமைதியானதும் சின்ன அலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். அடம்புக்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேடுகள் இதற்கான இருப்பு. அதைச் சமப்படுத்தி ரிசார்ட் கட்டினால் திரும்பி வர மணலும் இல்லை, வந்து நிற்க இடமும் இல்லை.

கரை பின்வாங்கும், முன்னேறாது என்பதும் தவறு. பூம்புகார் கடலுக்குள் போனதைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையை இன்று தேடினால், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. தாமிரபரணி கொட்டிய வண்டல் கடலை வெளியே தள்ளிவிட்டது. கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்து 19ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதியிருக்கிறார்.

கடைசியாக, "இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர்." பள்ளியில் மனப்பாடம் செய்தது. இப்போது அரசு சொல்லும் அளவு 11,098 கிலோமீட்டருக்கும் மேல், தமிழ்நாட்டுக்கு 906.9இலிருந்து 1,068.69. கரை வளரவில்லை. பழைய கணக்கு 1970களின் சிறிய அளவு வரைபடத்தில் எடுத்தது. இப்போது நுணுக்கமான வரைபடத்தில் ஒவ்வொரு வளைவையும் கழிமுகத்தையும் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். இன்னும் நுணுக்கமாகப் போனால் இன்னும் நீளும்.

அதனால் அரிப்பு ஆய்வாளர்கள் நீளத்தை விட்டுவிட்டு, ஒரே இடத்தின் கரைக்கோடு எங்கே நகர்ந்தது என்று பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கிறார்கள். ஆகஸ்ட் படத்தையும் டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கடற்கரையையும் அழிந்ததாகக் காட்டிவிடலாம். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை பார்த்ததில், இந்தியப் பெருநிலக் கரையில் சுமார் 34 சதவீதம் அரித்திருக்கிறது, 27 சதவீதம் வளர்ந்திருக்கிறது, மீதி பெரிய மாற்றமின்றி நிற்கிறது. தமிழ்நாட்டில் அரிப்பு சுமார் 43 சதவீதம். வளர்ந்த கரை என்று கணக்கில் வருவதில் ஆறு கொடுத்தது எவ்வளவு, பக்கத்து ஊருக்குப் போக வேண்டியதைச் சுவர் மறித்துவைத்தது எவ்வளவு என்பதை இடம் இடமாகப் போய்த்தான் பிரிக்க முடியும்.